கூரா விட்ட கிளைகள்

கான்கிரீட் தூண் போட்டு, மறுநாள் பலகையைப் பிரித்ததும், மேஸ்திரி பழைய சாக்கை நனைத்துத் தூணைச் சுற்றிக் கட்டச் சொல்வார். கயிற்றை இறுக்கிவிட்டு வீட்டுக்காரரிடம் திரும்பி, "தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்க, க்யூரிங்கை மட்டும் விட்டுடாதீங்க" என்பார். மேல்தளம் என்றால் வயலில் கட்டுவதுபோல விரற்கடை உயரத்துக்குப் பாத்தி கட்டி அதில் தண்ணீர் தேக்குவார்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், வறண்ட வெயிலில் 10 நாளுக்குக் குறையக் கூடாது என்று கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி சொல்கிறது. எந்த மேஸ்திரியும் அந்த விதியைப் படித்துவிட்டு வந்து சொல்வதில்லை. கை பழகிய பேச்சு அது.

கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நடப்பது வேறு. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினை நாட்கணக்கில் உள்ளே நடந்துகொண்டே இருக்கிறது. அது முடியும் முன்பே ஈரம் போய்விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். தொட்டால் கல்போல இருக்கும், தட்டினால் சத்தமும் சரியாகவே கேட்கும். ஆனால் உள்ளே ஏற வேண்டிய வலு ஏறியிருக்காது. கலவையின் வலுவைக் கணக்கிடுவதே 28 நாள் கழித்துத்தான். ஊற்றிய நாளில் ஊரே கூடி நிற்கும், கலவை மெஷின் ஓடும், டீயும் வடையும் வரும். அதற்குப் பிறகு வரும் நாட்களில் காலையும் மாலையும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவர் தனியாக நிற்பார். தூணின் ஆயுள் பெருமளவு அந்தத் தனி ஆளின் கையில் இருக்கிறது.

மேஸ்திரி சொல்லும் க்யூரிங்கும், "கேன்சரை க்யூர் பண்ணிட்டாங்க" என்று நாம் சொல்லும் க்யூரும் ஒரே சொல். இரண்டும் லத்தீன் மொழியின் கூரா என்ற ஒரு வேரிலிருந்து வந்தவை. அந்த வேரை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் ஆங்கிலத்தில் அது எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்பது தெரியத் தொடங்கும். அருங்காட்சியகத்தின் கியூரேட்டர், எதையும் துருவிப் பார்க்கும் க்யூரியஸ், பிசகில்லாத அக்யூரேட், செக்யூரிட்டி, ஷூர், ஷூரிட்டி, இன்ஷூரன்ஸ், புரொக்யூர்மென்ட், கல்லூரி வருகைப் பதிவில் நண்பனுக்காகக் குரல் கொடுக்கும் ப்ராக்ஸி, அழகு நிலையத்தின் மேனிக்யூர் என எல்லாமே அந்த வீட்டுப் பிள்ளைகள். பாத்திரத்தை அழுத்தித் தேய்ப்பதைச் சொல்லும் ஸ்கவர் என்ற சொல்கூட பிரெஞ்சு, டச்சு என்று சுற்றிக்கொண்டு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

கூரா என்றால் ரோமர்களுக்குக் கவலை. கவனம், பராமரிப்பு, ஏற்றுக்கொண்ட பொறுப்பு எல்லாமும் அதுவே. காதல் நோய்க்கும் அதே சொல்தான். வர்ஜில் தன் ஈனியட் காவியத்தின் நான்காம் காண்டத்தைத் தொடங்கும்போது, ராணி டைடோவின் நெஞ்சில் விழுந்த புண்ணுக்கு இந்தச் சொல்லைத்தான் எடுத்திருக்கிறார். வர்ஜிலுக்கு ஒரு தலைமுறை முந்தைய அறிஞர் வாரோ, நெஞ்சைச் சுடுவதால்தான் அது கூரா என்று பிரித்துப் பொருள் சொன்னார். இன்றைய மொழியியலாளர்கள் அந்தப் பிரிப்பை ஏற்பதில்லை. சொற்பிறப்பு விளக்கமாக அது தவறாக இருக்கலாம். ஆனால் அந்த மக்கள் தங்கள் சொல்லை எந்த இடத்தில் உணர்ந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வியப்பான ஒன்று உண்டு. கூராவுக்கு உடன்பிறப்புபோலவே தோற்றம் காட்டும் ஆங்கிலச் சொல்லான கேர், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அது ஜெர்மானிய மொழிகளின் சொத்து. அதன் பழைய பொருள் துக்கம், புலம்பல். இயேசு சிலுவையில் மரித்த வெள்ளியை ஜெர்மானியர் கார்ஃப்ரைடாக் என்பார்கள். அதன் முதல் அசை இந்தக் கேருக்கு உறவு, புலம்பலின் வெள்ளி என்று பொருள். ஆக, ஒருவரை அக்கறையோடு பார்த்துக்கொள்வதற்கு ஆங்கிலம் வைத்திருக்கும் இரண்டு பெரிய சொற்களில் ஒன்று கவலையிலிருந்தும் மற்றொன்று துக்கத்திலிருந்தும் கிளம்பி வந்திருக்கின்றன. வேறு வேறு நிலத்தில் முளைத்தவை ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கத்தானே போகிறோம்.

கவலை எப்படி அறிவாகிறது என்பதற்கு ஒரு மனிதரைக் காட்ட முடியும். கி.பி. 97-ல் பேரரசர் நெர்வா, ரோம் நகரத்தின் தண்ணீருக்குப் பொறுப்பாளராக ஃப்ரான்டினஸ் என்பவரை நியமித்தார். அந்தப் பதவிக்குப் பெயர் கியூரேட்டர். பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர், போர்க்களம் கண்டவர். வயதான காலத்தில் குழாயும் கால்வாயும் கையில் வந்து சேர்ந்தன. வேறு யாராக இருந்தாலும் கீழே இருப்பவர்கள் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். வேலையைத் தானே தெரிந்துகொள்ளாமல் உதவியாளர்களின் வாயைப் பார்த்து நடப்பது இழிவு என்று அவர் நினைத்தார். ஒன்பது கால்வாய்களும் எங்கிருந்து புறப்படுகின்றன, எவ்வளவு தூரம் மண்ணுக்கடியிலும் எவ்வளவு தூரம் வளைவுத் தூண்களின் மேலும் ஓடுகின்றன என்று குறித்தார். வரைபடங்கள் போடச் செய்தார். தண்ணீர் புறப்படும் இடத்துக்கே போய் அளந்தார்.

அளந்தபோது ஒன்று தெரிந்தது. அரசுக் கணக்கேட்டில் இருந்ததைவிட மிக அதிகமான தண்ணீர் கால்வாய்க்குள் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் நகரத்தில் குறைவது எப்படி? தேடிக்கொண்டே போனார். தெருக்கல்லுக்கு அடியில் நகரம் முழுக்கத் திருட்டுக் குழாய்கள் ஓடின. தண்ணீர்க்காரர்கள் பெரிய குழாயில் அங்கங்கே துளை போட்டுக் காசு கொடுப்பவர்களுக்குப் பிரித்து விட்டிருந்தார்கள். அந்தக் கிளைகளைப் பிடுங்கியபோது கிடைத்த ஈயமே கணிசமாக இருந்தது என்று தன் நூலில் எழுதுகிறார். வீட்டு இணைப்பின் வாயில் பொருத்தும் குழலை ஏன் வெண்கலத்தில் செய்ய வேண்டும் என்பதையும் விளக்குகிறார். ஈயம் மெத்தென்றது, தட்டி அகலமாக்கிவிடலாம், வெண்கலம் வளையாது.

இந்த மனிதரிடம் கியூரேட்டர் என்ற பதவி, க்யூரியஸ் என்ற குணம், அக்யூரேட் என்ற விளைவு மூன்றும் ஒன்றாகக் கூடி நிற்கின்றன. மூன்றும் ஒரே வேர் என்று அகராதி சொல்வதற்கு முன்பே அவர் வாழ்ந்து காட்டிவிட்டார். அக்யூரேட் என்ற சொல்லுக்கு மூலப் பொருள், அக்கறையோடு செய்யப்பட்டது. அவ்வளவுதான். துல்லியத்தை நாம் இயந்திரத்தின் குணமாக நினைக்கப் பழகிவிட்டோம். மனம் தலையிடாத இடத்தில்தான் அது பிறக்கும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கற்றுக்கொடுக்கிறோம். ஃப்ரான்டினஸின் கணக்கு துல்லியமாக வந்ததற்குக் காரணம், நகரத்தின் குழாயடியில் நிற்பவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இருந்தது. பொருட்படுத்தாதவனுக்கு இரண்டாம் தடவை அளக்கத் தோன்றாது.

அவர் கையின் கீழ் இந்த வேலைக்கென்றே அடிமைகள் சுமார் எழுநூறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அந்த நூலில் இல்லை. இதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

க்யூரியஸ் என்ற கிளை நேராக வளர்ந்ததல்ல. அக்கறை நிறைந்தவன் என்ற பொருளில் தொடங்கி, பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பவன் என்ற இடம் வரை அது போயிருக்கிறது. பிற்கால ரோமப் பேரரசில், அஞ்சல் வழிகளைக் கண்காணிக்கப் போய் அரசாங்கத்துக்கு உளவு சொல்பவர்களாக மாறிய அதிகாரிகளுக்கே கூரியோசி என்றுதான் பெயர். புனித அகுஸ்தீன் தன் ஒப்புதல்கள் நூலின் பத்தாம் பகுதியில், அறியும் ஆசையைக் கண்களின் இச்சை என்று பாவங்களின் வரிசையில் வைக்கிறார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பல்லி ஈயைப் பிடிப்பதையும் சிலந்தி தன் வலையில் விழுந்த பூச்சியைச் சுற்றிக் கட்டுவதையும் பார்த்துக்கொண்டு மெய்மறந்துவிடுகிறேனே என்று தன்னையே கடிந்துகொள்கிறார். எனக்கு அந்தப் பகுதி எப்போதும் நெகிழ்ச்சி தருவது. பல்லியை அப்படிப் பார்க்கத் தெரிந்ததால்தான் தன் மனத்தையும் அவரால் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன். அவர் பாவம் என்று ஒதுக்கிய அந்தக் கண்தான் அந்த நூலையே எழுதியிருக்கிறது.

ஆனால் உளவாளியின் கண்ணும் கூர்மையானதுதான். அவனும் நாள் முழுக்கக் காத்திருக்கிறான், சின்ன அசைவையும் தவறவிடுவதில்லை. பார்க்கப்படுபவருக்கு என்ன ஆகும் என்ற கவலை மட்டும் அவனிடம் இல்லை. வேரிலிருந்த இரண்டு பொருள்களில் ஒன்றை வெட்டிப்போட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டால் க்யூரியஸ் அப்படித்தான் ஆகும். நம் கைப்பேசியின் திரையில் யாரோ ஒருவருடைய விபத்தையும் மணமுறிவையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது இந்த வெட்டு நம்மிடமும் நடக்கிறது.

ஆங்கிலத்தில் பூனையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு, ஆர்வம் பூனையைக் கொன்றது என்று. அதன் பழைய வடிவம் அதுவல்ல. 1598-ல் மேடையேறிய பென் ஜான்சனின் நாடகத்திலும், அதை ஒட்டிய ஆண்டுகளில் வந்த ஷேக்ஸ்பியரின் நாடகத்திலும் பூனையைக் கொல்வது கவலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கவலை இருந்த இடத்தில் ஆர்வம் வந்து உட்கார்ந்தது. பேசுபவர்களுக்கு அது பெரிய மாற்றமாகவே தோன்றியிருக்காது; அவ்வளவு நெருங்கிய இடத்தில் அந்த இரண்டும் இருக்கின்றன.

தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லிலும் இதே முடிச்சு விழுந்திருக்கிறது. விசாரம் என்றால் கவலை. "என்னமோ விசாரமா இருக்கு" என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். விசாரணை என்றால் துருவிக் கேட்பது. நலம் விசாரிப்பது என்றால் அன்பு. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் போத்திபார் தன் வீட்டையெல்லாம் நம்பி ஒப்படைக்கும் யோசேப்பு, அந்த வீட்டின் விசாரணைக்காரன். கடவுள் மனிதர்களை விசாரிக்கிறவர். ரமணர் காட்டிய வழிக்குப் பெயர் ஆன்ம விசாரம், 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் கொடுத்த பதில்கள்தான் பின்னர் "நான் யார்?" என்ற சிறு நூலாயின. கவலை, கேள்வி, பராமரிப்பு, பொறுப்பு, தன்னை அறிதல் எல்லாம் ஒரே சொல்லுக்குள். விசாரம் வடமொழியிலிருந்து வந்தது, மனம் பல திசையிலும் நடப்பது என்பது அதன் அடிப்பொருள். கூராவுக்கும் அதற்கும் பிறப்பால் எந்த உறவும் இல்லை. உறவில்லாத இரண்டு சொற்கள் இதே பொருள்களை இதே மாதிரி ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. மனிதர்கள் தங்களைக் கவனித்துப் பார்த்து, இவை பிரிக்க முடியாதவை என்று இரண்டு இடத்திலும் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

க்யூர் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அது நுழைந்தபோது மருத்துவச் சொல்லாகவே வரவில்லை. ஒரு பங்கின் மக்களுடைய ஆன்மாக்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குத் திருச்சபை வைத்திருந்த பெயர் அது. இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் பங்குத் தந்தையை க்யூரே என்றுதான் அழைக்கிறார்கள். அப்புறம் நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கு அந்தச் சொல் வந்தது. பார்த்துக்கொண்டதன் பலனாக நோய் போவதையும் அதே சொல்லால் சொன்னார்கள். கடைசியில் பார்த்துக்கொள்வது கழன்று விழுந்து, நோய் போவது மட்டும் மிஞ்சியது. ஒரு நீண்ட வினைக்குப் பெயராக இருந்தது அதன் முடிவுக்கு மட்டும் பெயராகிவிட்டது.

இதனால் மருத்துவமனையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். க்யூர் ஆகும் என்றால் எல்லாரும் ஓடி வருகிறார்கள். ஆகாது என்று தெரிந்ததும், "இனி எங்க கையில ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற வாக்கியம் வருகிறது. அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலும் திரும்பிய குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த அந்த நோயாளிக்கு இன்னும் ஆறு மாதம் மிச்சம் இருக்கலாம். வலி இருக்கிறது, வாய்ப்புண் இருக்கிறது, புரண்டு படுக்க உதவி வேண்டும். செய்ய ஒன்றும் இல்லாத நாட்களா அவை?

சிசிலி சாண்டர்ஸ் இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர். 1948-ல் லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதியோடு அவருக்கு ஆழ்ந்த நட்பு ஏற்பட்டது. சாகும் மனிதர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். டாஸ்மா தன் உயிலில் 500 பவுண்டு வைத்துவிட்டுப் போனார், அந்த இல்லத்தில் தான் ஒரு சன்னலாக இருப்பதற்கு. சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவம் படித்து 1957-ல் டாக்டரானார். 1967-ல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி வந்து, நோயாளி கெஞ்சி, அதன்பின் ஊசி போடுவது அன்றைய வழக்கம். சாண்டர்ஸ் மார்ஃபினைக் கடிகாரம் பார்த்து, வலி திரும்பும் முன்பே வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். வலியின் வரவை எதிர்பார்த்துக்கொண்டே கிடக்கும் அச்சமும் சேர்ந்து விலகியது. அங்கே யாருக்கும் நோய் போகவில்லை. கூரா என்ற சொல்லின் பழைய பொருளில், அங்கே எல்லாரும் க்யூர் செய்யப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையிலிருப்பவர்களின் வீட்டுக்கே போய்ச் செய்யும் வலிநிவாரணப் பராமரிப்பையும் சேர்த்தது இந்தத் திசையில் வைத்த அடி என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு நெடுநாள் புதிராக இருந்த சொல் செக்யூர். மற்றவையெல்லாம் கூரா உள்ளவை. இது மட்டும் கூரா இல்லாதது. லத்தீனில் முன்னே நிற்கும் ஸே என்ற ஒட்டுக்கு நீங்கிய என்று பொருள். கவலை நீங்கிய நிலையே செக்யூர். அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஷூர் ஆனது. ரோமர்கள் செக்யூரிடாஸ் என்று அதை ஒரு தேவியாக்கி நாணயங்களில் பொறித்தார்கள். நாற்காலியில் சாய்ந்து, தலையைக் கையில் தாங்கி ஓய்வாக உட்கார்ந்திருப்பாள். நீரோவின் நாணயத்திலும் இருக்கிறாள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அசட்டை என்ற பொருளும் உயிரோடு இருந்தது. மாக்பெத் நாடகத்தில் சூனியத் தேவதை அதையே மனிதனின் முதன்மைப் பகையாகக் குறிப்பிடுகிறாள். எனக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு மாக்பெத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாம் அந்தச் சொல்லை வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. அடுக்ககத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரவெல்லாம் விழித்திருப்பவரைச் செக்யூரிட்டி என்று அழைக்கிறோம். கவலையின்மை என்று பெயர் வைக்கப்பட்டவர், கட்டடத்திலேயே இரவு முழுக்கக் கவலையைச் சுமக்கும் ஒரே ஆள். கேட் சத்தம் கேட்டால் எழ வேண்டும், மோட்டாரை நேரத்துக்கு அணைக்க வேண்டும், மூன்றாம் மாடிப் பெரியவருக்கு நெஞ்சுவலி என்றால் லிஃப்டைப் பிடித்து வைக்க வேண்டும். மேலே எண்பது பேர் உறங்குவது அவர் உறங்காததால். கடனுக்கு ஷூரிட்டி கையெழுத்துப் போடுபவரும் அப்படித்தான். பணம் கொடுப்பவரின் கவலை அந்தக் கையெழுத்தோடு அவர் தலைக்கு இடம் மாறுகிறது. உலகத்தில் கவலை குறைவதே இல்லை போலும். ஒருவர் இறக்கி வைத்தால் இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார்.

எடுத்துக்கொள்வதற்கென்றே ஒரு சொல் கூராவிலிருந்து கிளைத்திருக்கிறது. பிறருக்காகக் கவலைப்படுவது, பிறர் சார்பில் காரியம் பார்ப்பது என்பதுதான் புரொக்யூர். யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறை மதிப்போடு அழைத்த புறக்டர் அதன் குறுகிய வடிவம், கட்சிக்காரரின் கவலையைத் தன் கவலையாக்கிக்கொண்ட வழக்கறிஞர். நெல் கொள்முதல் அலுவலகக் காகிதங்களில் புரொக்யூர்மென்ட் என்று இருப்பதும் அதுவே. களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, மேகம் கருக்கும்போதெல்லாம் தார்ப்பாய் தேடி ஓடும் டெல்டா விவசாயியின் கவலையை இன்னொருவர் வாங்கிக்கொள்வதாக அந்தச் சொல் வாக்குக் கொடுக்கிறது. மூட்டை எடை போடும்வரை அவர் குவியலின் பக்கத்திலேயே படுத்துக்கிடக்க வேண்டியிருந்தால், கொள்முதல் நடந்திருக்கலாம், கூரா நடக்கவில்லை.

இந்தப் பதவிப் பெயரோடு வரலாற்றில் நிற்கும் இன்னொருவர் பொந்தியு பிலாத்து. ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் அவரைப் புரொக்யூரேட்டர் என்று குறிப்பிடுகிறார். 1961-ல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு அவருடைய பதவியை வேறு பெயரில் சொல்கிறது. பெயர் எதுவானாலும் பொறுப்பு அவர் கையில்தான் இருந்தது. குற்றமற்றவர் என்று தனக்கே பட்ட இயேசுவைக் காப்பாற்றாமல், தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்தின் முன் கையைக் கழுவிவிட்டு, சிலுவையில் அறைய ஒப்படைத்தார் என்கிறது மத்தேயுவின் நற்செய்தி. கையிலிருந்து அவர் கழுவிவிட நினைத்தது இந்த வேரைத்தான்.

முழுதாகக் கழுவிவிட முடியுமா? ரோமர்களின் கல்லறைக் கற்களில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. இறந்தவரின் ஆவிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நிரந்தரமான செக்யூரிடாஸுக்கு என்றும் சில கற்களில் பொறித்திருக்கிறார்கள். நாணயத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அதே தேவி. அந்தக் கற்களில் அவளை நிரந்தரமாகப் பெற்றவர்கள் எல்லாரும் இறந்தவர்களே.

ஹைஜினஸ் என்பவர் பெயரில் வழங்கும் லத்தீன் கதைத் தொகுப்பில் கூராவே ஒரு தெய்வமாக வருகிறாள். மிகச் சின்னக் கதை. 1927-ல் ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெகர் தன் பெரிய நூலில் அதை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டுதான் மனித இருப்பைப் பற்றிப் பேசினார். ஆற்றைக் கடந்து வரும் கூரா, கரையில் களிமண்ணைப் பார்த்து, யோசனையோடு கொஞ்சம் எடுத்துப் பிசைந்து ஓர் உருவம் செய்கிறாள். வானத்து அரசன் ஜூபிடர் வருகிறான். இதற்கு உயிர் கொடு என்று கேட்கிறாள், கொடுக்கிறான். பெயர் வைக்கும்போது சண்டை வருகிறது. செய்தவள் நான், என் பெயர்தான் வைக்க வேண்டும் என்கிறாள் கூரா. உயிர் கொடுத்தவன் நான் என்கிறான் ஜூபிடர். பூமித்தாயும் எழுந்து, உடம்பு என்னுடையதல்லவா என்கிறாள். வழக்கு சாட்டர்னிடம் போகிறது. சனிக் கோளுக்குத் தன் பெயரைக் கொடுத்த அந்தப் பழைய தெய்வம்.

ஃப்ரான்டினஸின் எழுநூறு பேரையும், தூணுக்குத் தண்ணீர் ஊற்றியவரையும், படுக்கையில் கிடப்பவருக்கு நடு இரவில் எழுந்து வாயை நனைக்கும் மருமகளையும் நினைக்கும்போது சாட்டர்ன் சொன்ன தீர்ப்பு எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. கட்டடத்தின் கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் வரும், வரைந்தவர் பெயர் வரும். சாட்டர்னும் கூராவின் பெயரை அந்த உருவத்துக்கு வைக்கவில்லை. மண்ணுக்கு லத்தீனில் ஹூமுஸ். மண்ணால் ஆனதால் இது ஹோமோ, மனிதன், என்றான். இறந்தபின் உயிரை ஜூபிடர் எடுத்துக்கொள்ளட்டும், உடலைப் பூமி எடுத்துக்கொள்ளட்டும். முதலில் உருவாக்கியவள் கூரா. ஆகையால் இது உயிரோடு இருக்கும் காலம் முழுக்க அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றான்.